சரியில்லை ஐயா குறை சொல்லாத வாரம்

மலாக்காவில் சரியில்லை ஐயா தங்கிப் பார்க்காத இடம் சிறைச்சாலை ஒன்றுதான். அதையும் ஒருநாள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "காத்தோட்டம் சரியில்லை" என்று சொன்னதாகக் கேள்வி.

நாகப்பட்டினத்துக் கைலி வியாபாரி. கடைகளில் ஆர்டர் பிடித்துக்கொண்டு, அப்படியே ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த கப்பலில் திரும்புவதாக வந்தவர். அடுத்த கப்பல் வரவில்லை, ஜப்பான்காரன் வந்தான்.

முதலில் பண்டார் ஹிலிரில் கொசுவலை கட்டிய மாடி அறை. ஆளைக் கூப்பிட மணி உண்டு. மணி அடித்து ஆளை வரவழைத்து, "இந்த மணிச் சத்தம் சரியில்லை" என்றார். பை இளைத்ததும் பெண்டஹாரா சாலையில் துணிக்கடை மாடி. அங்கே துணிக்குப் போட்ட கஞ்சி நாற்றம் சரியில்லை. இன்னும் இளைத்ததும், கடைவாசலில் இரவுக் காவல்காரரின் கயிற்றுக் கட்டில், ராத்திரி வாடகைக்கு. "நீ இப்படி விடிய விடிய முழிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா நான் எப்படிய்யா தூங்கறது?" என்று அந்தக் காவல்காரரிடமே சண்டை.

கடைசியில் காஜா பேராங்கில் நான் குடியிருந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார். முன்னறை எனக்கு, பின்னறை அவருக்கு. வீட்டுக்கார அம்மாள் மலாக்காச் செட்டி. நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கும். வாயில் தமிழ் வராது, மலாய்தான். எல்லாருக்கும் அவர் மாச்சிக், அதாவது அத்தை. ஆகவே குறைகளை மொழிபெயர்க்கும் உத்தியோகம் என் தலையில் விழுந்தது.

"தம்பி, தலையணை கல்லு. சொல்லு."

சொல்வேன்.

"அபா லாகி?" என்பார் மாச்சிக், வேறென்ன என்று. பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குப் போய்விடுவார்.

"கிணத்துத் தண்ணில தவளை வாடை. அதையும் சொல்லு."

காலைக் கஞ்சி குடிப்பதற்குள் ஏழு குறைகள். எனக்கு எண்ணும் பழக்கம் உண்டு. ஒருநாள் பொறுக்கவில்லை.

"ஊரே மரவள்ளிக் கிழங்கத் தின்னுக்கிட்டு உசுரக் கையில புடிச்சிருக்கு. உங்களுக்குத் தலையணை ஒரு கேடா?"

"காசு கொடுக்கறேன்ல? காசு கொடுத்தவன் குறை சொல்லலாம் தம்பி. ஓசியில படுத்தவன் வாயத் திறக்கப்படாது. அதான் மரியாதை."

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, கஞ்சியைக் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றார். மாச்சிக் அந்தக் கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். செவ்வாயும் நல்லாயிருந்தது. புதன்கிழமை தலையணையைத் தட்டி, "பஞ்சு மாதிரி" என்றார். பிறகுதான் உறைத்தது. அவருடைய ஜப்பான் காசு, அந்த வாழைமரம் போட்ட நோட்டுகள், தீர்ந்திருந்தன. காசு வேண்டாம், சும்மா இருக்கட்டும் என்று மாச்சிக் சொன்னதை மொழிபெயர்த்தவனும் நானேதான்.

சனிக்கிழமை காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்ல இடம் கிடைச்சிருக்கு தம்பி. சயாம். போக ரயிலு, இருக்க எடம், மூணு வேளை சோறு, மேல கூலி வேற. நான் பார்த்ததிலேயே இதான் மலிவு."

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி, தெருமுனையில் நின்றது. எங்கள் தெருவிலிருந்து போனவர்கள் ஆறு பேர். ஒருவரிடமிருந்தும் ஒரு சொல் வரவில்லை. சொன்னேன்.

"அவங்களுக்குக் கடுதாசி எழுதத் தெரியாது."

"ஐயா, ஓசிச் சோறு அங்கயும்தானே? அங்க யார்கிட்டக் குறை சொல்வீங்க?"

"அங்க வேலை செய்வேன்ல. இங்க நான் பாரம் தம்பி. விடு."

பெட்டியின் ஒரு கைப்பிடியை அவர் இழுக்க, மறு கைப்பிடியை நான் விடவில்லை. திரும்பி மாச்சிக்கிடம் மலாயில் கொட்டினேன்: இவர் காசு கொடுத்தால்தான் குறை சொல்வாராம், குறை சொல்ல முடியாத வீட்டில் இருக்க மாட்டாராம்.

மாச்சிக் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். இன்றிலிருந்து வாடகை உண்டு என்றார். கொல்லையில் மரவள்ளி நட்டு, விளைந்த பின் வாரம் பத்துக் கிழங்கு தர வேண்டும். அதுவரை கடன்.

மொழிபெயர்த்தேன். லாரி ஹாரன் அடித்தது.

சரியில்லை ஐயா கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "பத்தா? இந்த மண்ணுலயா? மண்ணே சரியில்லை. ஆறு."

அவசரமாய்ச் சொன்னேன். மாச்சிக்குக்கு அவசரமே இல்லை. எட்டு என்றார்.

"ஏழு. அதுக்கு மேல ஒரு வேர் கிடையாது, சொல்லிடு."

ஹாரன் மறுபடியும் அடித்தது. மாச்சிக் தலையசைத்தார். லாரி கிளம்பும் சத்தம் கேட்டபோது ஐயா பெட்டிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு சரியில்லையாம்.

மறுநாள் விடிந்ததும், "தம்பி, தலையணை கல்லு. சொல்லு."

சொன்னேன். "அபா லாகி?" என்ற மாச்சிக், அன்றைக்கு அடுப்படிக்குப் போகவில்லை. நின்று ஏழு குறையையும் கேட்டார்.

யுத்தம் முடிந்து கப்பல் விட்டதும் ஐயா ஊருக்குப் போனார். எனக்கும் வயதாகிவிட்டது. எந்த ஊரில், எந்த வாடகைக்கு அறை எடுத்தாலும், தலையணை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், ஆளைக் கூப்பிட்டு ஒருமுறை, "சரியில்லை" என்று சொல்லிவிடுவேன். இன்னொன்று கொண்டுவந்து தருவார்கள். அதை ஐயாவுக்கென்று பக்கத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் படுப்பேன்.