ஏறும்போது பார்க்கக் கூடாத வண்டி

1943, ஆனி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை மணி ஒன்பது பத்து.

கொடைக்கானல் கடைத்தெருவில் நிற்க இடமில்லை. பூம்பாறையிலிருந்து வந்திருந்தார்கள். வில்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். பெரும்பாறைத் தோட்டத்து ஆட்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நடக்க முடியாத ஒருவரை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். எதற்கு என்றால், ஒரு காரைப் பார்க்க. கார் காலைக் குணப்படுத்தும் என்று யாரும் சொல்லவில்லை. குணப்படுத்தாது என்றும் சொல்லவில்லையே என்றார்கள் தூக்கி வந்தவர்கள்.

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு இருமி இருமி மலையேறின. அந்த நேரம் பார்த்து மின்னல் சாமி வந்தார். அவருடைய காருக்குப் பெட்ரோல் வேண்டாம். கரி வேண்டாம். அது மின்சாரக் கார். மின்சாரம் மின்னலிலிருந்து. மின்னல் சாமியின் கையிலிருந்து.

வெள்ளிதோறும் கார் கடைத்தெருவில் புறப்பட்டு, ஏழு மைல் இறங்கி, பெருமாள்மலைக்குப் போகும். சத்தமில்லை, புகையில்லை. அடுத்த வியாழக்கிழமை உச்சி முதல் நாலு மணிக்குள் மேலே ஏறி வந்துவிடும். இறங்குவதை யாரும் பார்க்கலாம், காணிக்கையும் போடலாம். ஏறுவதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும்.

ஆறு வியாழக்கிழமைகளாக மலைப்பாதை ஓரத்து வீடுகள் உச்சி வேளையில் சன்னலைச் சாத்தின. பஸ்காரர்கள் பஸ் எடுக்கவில்லை. ஒருவருக்குக் கண் சிவந்தது. அடுப்பு ஊதினேன் என்றார் அவர். யாரும் நம்பவில்லை. பார்த்துவிட்டார் என்று ஊர் முடிவு செய்தது.

கூட்டத்தில் கவுஞ்சி மணியன் முதல் வரிசையில் நின்றான். பூண்டு போடுகிறவன். பக்கத்தில் அவன் மனைவி வீரம்மாள். அவள் கையில் இரண்டு மட்டக்குதிரைகளின் கயிறு. கவுஞ்சிக்குச் சாலை கிடையாது. பூண்டு அந்தக் குதிரைகளின் முதுகில்தான் கடைத்தெருவுக்கு வரும். அரிசியும் உப்பும் அதே முதுகில்தான் ஊருக்குத் திரும்பும். அந்தக் குதிரைகளைத்தான் மணியன் இன்று கொடுக்கப் போகிறான். சாமி இன்னும் கார்கள் செய்யப் போகிறார். ஒரு காருக்கு முன்பணம் நூறு ரூபாய். பணமில்லாதவர்கள் இரண்டு குதிரை தந்தால் போதும். சாமிக்கு ஏழைகள் மேல் இரக்கம்.

காணிக்கைத் தட்டோடு சேனாதிபதி வந்தான். சாமியின் முதல் சீடன். கடைசிச் சீடனும் அவன்தான்.

"குடுத்துவச்ச ஆளுங்க நீங்க," என்றான். "பெட்ரோல் செலவு கெடையாது. கரிச் செலவு கெடையாது. குதிரைக்குக் கொள்ளு வைக்கிற செலவும் கெடையாது. வாங்குனா வாங்குனதுதான்."

"வேற ஒரு செலவுமே கெடையாதுங்களா?" என்றாள் வீரம்மாள்.

"சுத்தமாக் கெடையாது. மின்னல் பெட்டிக்குள்ள மாசம் ஒரு தகடு மாத்தணும். ஏழரை ரூவா."

"அது செலவு இல்லைங்களா?"

"அது காணிக்கை."

"சரிங்க."

"அமாவாசைக்கு அமாவாசை பெட்டிக்குத் தேன் ஊத்தணும். மலைத்தேன். அது வேண்டுதல்."

"சக்கரம் தேஞ்சு போனா?"

"தேஞ்சா அது ஒங்க தோஷம். பரிகாரமாப் புதுச் சக்கரம் போடணும்."

"பெட்டி செத்துப் போனா?"

சேனாதிபதி காதைப் பொத்திக்கொண்டான். "அபசகுனம் பேசாதம்மா."

காணிக்கை இருந்தது, வேண்டுதல் இருந்தது, பரிகாரம் இருந்தது. செலவு மட்டும் இல்லை.

"குதிரை லத்தி போடும்ங்க," என்றாள் வீரம்மாள். "பூண்டுக்கு அதான் எரு. ஒங்க வண்டி என்னங்க போடும்?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டு, பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"கவுஞ்சிக்கு ரோடு ஏதுங்க?"

"வண்டி வந்தா ரோடு தானா வரும்."

மணியன் பல்லைக் கடித்தான். "ஏ வீரம்மா, வாயை மூடு. சாமி காதுல விழப்போகுது."

"விழட்டுமே. அதுக்குத்தான காது."

"ஊருல ஒவ்வொருத்தனும் குதிரையைக் குடுத்துட்டான். நான் மட்டும் சாகற வரைக்கும் குதிரை வாலுக்குப் பின்னால நடக்கணுமா?"

"குதிரை போச்சுன்னா பூண்டு வீட்டுலயே கெடக்கும். பூண்டு கெடந்தா ஒலையில என்னத்தப் போடுவீங்க? தகட்டையா?"

அதற்குள் சாமி வந்துவிட்டார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் நகர்ந்தது. கடைத்தெரு முழுவதும் கையெடுத்துக் கும்பிட்டது. இறக்கத்தில் உருளுகிற எதையும் நாம் கும்பிடுவோம் போலிருக்கிறது. முட்டைக்கோஸ் மூட்டை உருண்டால் மட்டும் திட்டுகிறோம்.

கூட்டம் கட்டிலையும் தூக்கிக்கொண்டு காருக்குப் பின்னால் ஓடியது. வீரம்மாள் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பாதி வழியில் ஓரிடத்தில் சாலை ஐம்பது கஜம் மேடேறுகிறது. அங்கே கார் நின்றது.

சேனாதிபதி படியில் ஏறி நின்றான். "தேருக்கு வடம் பிடிக்கிற பாக்கியம்! வண்டியத் தொட்டுத் தள்ளுறவுக வரலாம்! ஆளுக்கு ஓரணா!"

நாற்பது பேர் அணாவோடு பாய்ந்தார்கள். தள்ள இடம் கிடைக்காதவர்கள் வருத்தப்பட்டார்கள். கரி பஸ்ஸைத் தள்ளச் சொன்னால் கண்டக்டரின் பரம்பரையையே ஏசுகிற ஊர் அது.

"மின்னல் எங்கங்க போச்சு?" என்றாள் வீரம்மாள்.

தள்ளிக்கொண்டிருந்தவர் மூச்சிரைத்தார். "மின்னலுக்கும் எளைப்பு இருக்காதா தாயி?"

பெருமாள்மலையில் கார் நின்றது. அங்கே ஒரு மரத்தடியில் பத்து மட்டக்குதிரைகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. எல்லாம் முன்பணம். அன்று சாயங்காலமே வத்தலக்குண்டு வியாபாரி வந்து ஓட்டிப் போவதாக ஏற்பாடு. மணியன் கையை நீட்டினான். வீரம்மாள் கயிற்றைக் கொடுக்கவில்லை. அவள் காரின் முன்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஓர் இரும்பு வளையம். கார் முழுவதும் துரு. வளையம் மட்டும் பளபளவென்றிருந்தது. குதிரை கட்டுகிற முளையில் கயிறு உரசி உரசி அப்படித்தான் இரும்பு பளபளக்கும். அது அவளுக்குத் தெரியும்.

அவள் நிமிர்ந்தாள். "வண்டியத் திருப்பி நிறுத்துங்க. மேல பாக்க ஏத்திக் காட்டுங்க. கயித்தைக் குடுத்துடறேன்."

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது.

"எறக்கம் எங்களுக்குப் பாதிச் சோலிதாங்க," என்றாள். "பூண்டு எறங்கும். அரிசி ஏறணுமில்ல?"

எலுமிச்சம்பழக் கூடையோடு அங்கே நின்ற யாகூப் ராவுத்தர் தலையாட்டினார். கொடைக்கானலில் மளிகைக் கடையும் பழைய இரும்பு வியாபாரமும் வைத்திருப்பவர். "ஞாயமாத்தான் கேக்குது. எங் கடைச் சரக்கும் கீழருந்துதான மேல வருது."

மின்னல் சாமி முதல் தடவையாக வாய் திறந்தார். "ஏறுவதைப் பார்த்தால் கண் போகும், அம்மா."

"எங் கண்ணுதான சாமி? போச்சுன்னா நீங்க சொன்னது நெசம்னு ஊரே நம்பும். ஒங்களுக்கு லாபந்தான?"

"வியாழக்கிழமைதான் ஏறும்."

"மின்னலுக்குக் கெழமை ஏது சாமி? எங்க ஊருல செவ்வாக்கெழமை இடி விழுந்துச்சு."

சாமி சேனாதிபதியைப் பார்த்தார். சேனாதிபதி மலையைப் பார்த்தான். அப்போது காரியத்தைக் கெடுத்தவன் மணியன். சாமியை அவன் அவ்வளவு நம்பினான்.

"ஏத்திக் காட்டுங்க சாமி," என்றான். "இவ வாயை இன்னைக்கு அடைக்கணும்."

"ஆமா சாமி. அவ கண்ணு போகட்டும்," என்றது கூட்டம். கூட்டத்துக்கு எப்போதும் அடுத்தவர் கண்தான்.

எட்டுப் பேர் காரைத் தூக்கித் திருப்பினார்கள். முகப்பு மேட்டைப் பார்த்து நின்றது. உடனே அத்தனை பேரும் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். துண்டில்லாதவர்கள் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்கள். கட்டிலில் கிடந்தவர் குப்புறப் புரண்டார். அவ்வளவு தூரம் புரள அவரால் முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது. பெருமாள்மலை நடுச்சாலையில் முந்நூறு குருடர்கள் நின்றார்கள். கண் திறந்திருந்தது வீரம்மாளுக்கும், யாகூப் ராவுத்தருக்கும், குதிரைகளுக்கும்.

சாமி மந்திரம் சொன்னார். ஒரு கம்பியை இழுத்தார். கார் ஒரு முழம் பின்னால் நழுவியது. சாமி சட்டென்று கம்பியை விட்டார். கார் நின்றது.

"என்ன ஆச்சு?" என்று கண்ணைப் பொத்தியபடி கேட்டான் மணியன்.

"பின்னால ஒரு முழம் வந்துச்சு."

"ஒனக்குக் கண்ணு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. ஒங்க வேட்டி பின்னால கிழிஞ்சிருக்கு."

சாமி மறுபடி மந்திரம் சொன்னார். வேறு மந்திரம். அப்போது மணிச் சத்தம் கேட்டது. கழுத்து மணி. பக்கத்துச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த நாலு மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. கார் மேட்டைப் பார்த்து நிற்கிறது. அவை மேய்ச்சலை விட்டுவிட்டு நிதானமாக நடந்து சாலைக்கு வந்தன. இரண்டு முன்னால், இரண்டு பின்னால், காருக்கு முன் வரிசையாக நின்றன. வால் பக்கம் காருக்கு, முகம் மலைக்கு. கழுத்தைத் தாழ்த்தின. நுகத்தடிக்குக் காத்திருந்தன.

மணிச் சத்தத்தில் ஒவ்வொருவராகத் துண்டை அவிழ்த்தார்கள்.

"மாடுகள் தரிசனத்துக்கு வந்திருக்கின்றன," என்றார் சாமி.

பின்வரிசை மாடு ஒன்று தலையைத் திருப்பி, காருக்குள் கிடந்த ஒரு கோணியை நக்கியது. கோணியிலிருந்து பருத்திக்கொட்டை சிந்தியது.

மாட்டுக்காரர் அழகுமலை சரிவிலிருந்து ஓடி வந்தார். "ஏலே, வாங்கடா! இன்னைக்கு வெள்ளிக்கெழமைடா!"

"வியாழக்கெழமைன்னா?" என்றாள் வீரம்மாள்.

அழகுமலை மறைக்கத் தெரியாதவர். "வியாழக்கெழமை வண்டியோட மேல போகும்ங்க. வண்டி தானாத்தான் ஏறுது. மாடு சும்மா தொணைக்குன்னு சொன்னாக."

"கயிறு?"

"வழி தப்பாம இருக்கன்னாக."

"நீங்க பாக்கலையா?"

"அய்யோ, கண்ணு போயிருமே! துண்டைக் கட்டிக்கிட்டு மாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டேதான் போவேன்."

"ஏழு மைலுமா?"

"ஏழு மைலுந்தான். முன்னால சேனாதிபதி மாட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போவாக."

"மாட்டுக்குக் கண்ணு போகாதா?"

அழகுமலை யோசித்தார். அந்த ஆறு வாரத்தில் அவர் யோசித்தது அதுதான் முதல் தடவை. "மாட்டுக்கு யாரும் சொல்லலைங்களே."

யாகூப் ராவுத்தர் போய் மின்னல் பெட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே ஆற்றுக்கல். கல்லுக்கு மேல் கோழி இறகு.

"பெரும்பாறையில ஒரு தொரை வச்சிருந்த கார் இது," என்றார். "பேட்டரி செத்துப்போச்சு. புதுசுக்கு வெலை கேட்டாரு. அந்தக் காசுக்கு வேற காரே வாங்கலாம்னு தெரிஞ்சுது. உள்ள இருந்த ஈயத்தை எனக்கு வித்துட்டு, வண்டிக்குள்ள கோழியை அடைச்சாரு."

"இதை ஏன் ராவுத்தரே அப்பவே சொல்லல?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"மொத வாரமே சொன்னேன். ஒங்களுக்கு எங்க சாமி வெளங்காதுன்னீங்க. பெறகு நானும் எலுமிச்சம்பழம் விக்கப் போயிட்டேன்."

கூட்டம் முன்னால் நகர்ந்தது. சாமியும் சீடனும் காருக்குள் தாவினார்கள். சேனாதிபதி கம்பியை இழுத்தான். கார் தனக்குத் தெரிந்த ஒரே திசையில் போனது. சாமிக்குப் பின்பக்கம் பள்ளம், முன்பக்கம் பக்தர்கள். முதல் வளைவு வரை அருமையாகப் போனது. சத்தமில்லை, புகையில்லை. வளைவில் சாலை திரும்பியது. கார் திரும்பவில்லை. ஓடைக்குள் நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்தன. இருவரும் சேற்றோடு ஏறி வந்தார்கள். அவர்கள் ஏறுவதை எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் கண் போகவில்லை. நாலு பேர் இருவரையும் பிடித்துக் கட்டினார்கள்.

குதிரைக்காரர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டார்கள். வீரம்மாள் தன் கயிற்றை முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"போவமா?" என்று திரும்பினாள். மணியனைக் காணோம்.

அவன் மாடுகளின் முன்னால் இருந்தான். அவன் மட்டுமல்ல. யாரோ யாகூப் ராவுத்தரின் கூடையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மாட்டுக் கொம்பில் குத்தியிருந்தார்கள். யாரோ சூடம் கொளுத்தினார்கள். கட்டிலை மாட்டின் வால் பக்கம் இறக்கி வைத்தார்கள். அழகுமலையின் துண்டில் காசு விழுந்தது. அவர் அதை வேண்டாமென்று சொல்லவில்லை.

"ஆறு வாரம் ஏறுறதைப் பாத்தும் கண்ணு போகலையே," என்றான் மணியன், கன்னத்தில் போட்டுக்கொண்டு. "தெய்வ மாடுங்க!"

வீரம்மாள் குதிரைகளோடு மேட்டில் ஏறத் தொடங்கினாள். பத்தடி போய் நின்று திரும்பினாள்.

"கண்ணு போயிரும் போயிரும்னு ஆறு வாரமாப் பொத்திப் பொத்தி வச்சீங்களே. அந்தக் கண்ணை என்னத்துக்குத்தான்யா வச்சிருக்கீங்க?"