மாப்பிள்ளையின் கினிப்பன்றிகள் சமாதானமான விவரம்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். கப்பலில் உங்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காகக் கிடைக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் எங்களை நம்பி விட்டுப்போன ஆண் கினிப்பன்றிகள் இரண்டும் இன்று சுகம். ‘இன்று’ என்று எழுதக் காரணம் உண்டு. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை சின்னவன் வயிற்றில் கொஞ்சம் அழுக்கு தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளை நம் வீட்டில் அழுக்காக இருக்கலாமா என்று, நான் போட்டுக்கொள்ளும் ரோஜா வாசனை சோப்பையே போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, கூண்டில் விட்டேன். பெரியவன் ஒரு தடவை மோந்து பார்த்தான். கூடப் பிறந்த தம்பியை யாரோ அயலான் என்று முடிவு கட்டிவிட்டான். பல்லை நறநறவென்று கடித்தான், முடியைச் சிலிர்த்தான், அடுத்த நொடி இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. நான் கையை உள்ளே விட்டேன். என் அலறல் கேட்டு அத்தை ஓடி வந்தாள்.

“ரத்தம் யாரோடது?”

“என்னோடது.”

“அப்ப அவங்களுக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள்.

கால்நடை டாக்டர், “ஆம்பளைங்க ஒருதடவ முறைச்சிக்கிட்டா கஷ்டம் சார். ஒண்ண யாருக்காவது குடுத்துடுங்க,” என்று சொல்லிவிட்டார். தனிக் கூண்டில் வைத்தால் சின்னவன் சரியாகத் தின்னவில்லை. கினிப்பன்றி ஒரு நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்தாம். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அத்தை ஆண்கள் விடுதியில் முப்பத்தொரு வருஷம் வார்டனாக இருந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் அந்த வேலை என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மறுநாள் காலை குளியலறையைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டாள். “ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத ரூம்ல வச்சுத்தான் பேசணும்,” என்றாள். இரண்டு தட்டு, இரண்டு தண்ணீர்க்குப்பி, நடுவில் மலைபோல் புல். இரண்டு அட்டைப்பெட்டி எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை வெட்டினாள்.

“ஒரு ஓட்ட போதாதா?”

“ஒரு வழிதான்னா மாட்டினவன் அடிச்சுத்தான் வெளிய வருவான். ரெண்டு இருந்தா நடந்தே போயிடுவான்.”

பிறகு இருவரையும் விட்டுவிட்டு, முக்காலி போட்டு உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கினாள். பெரியவன் இடுப்பை ஆட்டி ஆட்டி உறுமிக்கொண்டு சுற்றி வந்தான். நான் துண்டோடு பாய்ந்தேன்.

“கைய எடுங்க. சத்தம் சண்டை இல்ல. யாரு மூத்தவன்னு பேசி முடிக்கிறாங்க. நடுவுல பிரிச்சா நாளைக்கு முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. ரத்தம் வந்தா சொல்லுங்க.”

நான்கு மணி நேரம் அத்தை அசையவில்லை, மாப்பிள்ளை. பெரியவன் துரத்தினான், சின்னவன் ஓடினான், ஒருவன் பல்லைக் கடித்தான், ஒருவன் கொட்டாவி விட்டான். அவள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. கடைசியில் சின்னவன் புல்லைத் தின்ன ஆரம்பித்தான். பெரியவன் வந்தான். நான் துண்டை எடுத்தேன். அவனும் பக்கத்திலேயே நின்று, அதே கொத்திலிருந்து தின்றான். அத்தை எழுந்து முழங்காலை நீவிக்கொண்டு, “முடிஞ்சுது. கதவத் திறங்க,” என்றாள். இப்படிப்பட்டவளோடு நாற்பது வருஷம் குடித்தனம் செய்தும், ஒரு நாள்கூட ‘இன்னிக்கு விடுதியில என்ன நடந்துச்சு’ என்று கேட்டதில்லை. இப்போது தினமும் அந்தப் பழைய விடுதிக் கதைகளைக் கேட்கிறேன்.

நீங்கள் கவலையில்லாமல் வேலையைப் பாருங்கள். சகல நலமும் பெற்று நல்லபடியாகக் கரை சேர எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்துவிட்டார். நம் வீட்டு வெற்றியை அவரிடம் சொன்னபோது ‘நான்தான் செய்தேன்’ என்பதுபோல் வாயில் வந்துவிட்டது. அவரிடமும் ஓர் ஆண் கினிப்பன்றி தனியாகத் தவிக்கிறதாம். “உங்க கைராசி சார், பழகிடும்,” என்று கொடுத்துவிட்டுப் போனார். அத்தை கடைக்குப் போயிருந்தாள். மறுக்க வாய் வராமல் கூண்டிலேயே விட்டுவிட்டேன். இப்போது மூன்றும் மூன்று மூலையில் நின்று பல்லைக் கடிக்கின்றன. மேலே ‘சுகம்’ என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். படியில் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்கிறது. கடிதத்தைத் தபாலில் சேர்க்க நான் இப்போதே கிளம்புகிறேன். திரும்பி வர நேரமாகும்.