சுவரில் கட்டிய பசு

முப்பத்தோராம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலையில், மலாயாவில் பெக்கோக்கிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு விஞ்ஞானம் வந்து சேர்ந்தது. தபால் பையில், இரண்டாக மடித்த சர்க்குலராக வந்தது.

'ஆரம்ப விஞ்ஞானத்தில் பிள்ளைகள் பின்தங்கியிருப்பது மேலிடத்தின் மேலான கவனத்துக்கு வந்துள்ளபடியால், தாய்மார்கள் நாள்தோறும் மாலை அரைமணி நேரம் கீழ்க்கண்ட கேள்விகளை வீட்டில் திருப்பிச் சொல்லிக்கொடுத்து, அதற்கு அத்தாட்சியாகக் கைரேகை வைக்கக் கடவர். பரீட்சையில் தவறும் பிள்ளைகள் புல்வெட்டுக் கூட்டத்தில் சேர்க்கப்படுவர்.'

தாய்மார்களில் ஒருத்திக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்பது மேலிடத்தின் கவனத்துக்கு வரவில்லை. எல்லாக் கவனமும் ஒரே வருஷத்தில் வந்துவிடுமா?

பால்வெட்டுக்காரி பேச்சியம்மாள் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அவளுக்கு ஒரே பெண், ஒன்பது வயதுச் செல்லம். அந்தப் பிள்ளை கையில் எந்தக் கத்தியும் ஏறக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம். காலையில் ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு மத்தியானம் பள்ளிக்கூடம் நடத்தும் வாத்தியார் சதாசிவத்தைப் பிடித்துக் கேள்விகளை மனப்பாடம் செய்தாள். பதில்களை மேலிடம் அனுப்பவில்லை.

"பால் தருவது எது?" என்று மாலையில் ஆரம்பித்தாள்.

"நீயே சொல்லும்மா."

"இதெல்லாம் ஒரு கேள்வியாடி? தெனம் முந்நூறு மரம் வெட்டறேன். மரந்தான்!"

அந்தத் தோட்டத்தில் பால் என்றால் ரப்பர்ப் பால். அதைத்தான் வெட்டினார்கள், வாளியில் சுமந்தார்கள், நிறுத்தார்கள். இளஞ்செடிகளைக் கடிக்கிறது என்று துரை மாடுகளையெல்லாம் விரட்டி எட்டு வருஷமாகிவிட்டது. டீயில் ஊற்றுவது டப்பாப் பால்.

பரீட்சை அதிகாரி சபாபதி ஒரே வெயிலுக்குத் தொப்பியும் குடையுமாக வந்தார். செல்லம் கணீரென்று "மரம்" என்றாள். அவர் முட்டை போட்டார்.

"பால் தருவது பசு."

ஜன்னலுக்கு வெளியே நின்ற பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அய்யா, இங்க பசுவே இல்லீங்களே!"

"அது உங்கள் குறை. புத்தகத்தில் இருக்கிறது."

"அப்ப நாங்க வெட்டறது என்னாங்க?"

"அது விஞ்ஞானத்தில் வராது" என்று சொல்லி, பெரிய மனது பண்ணி ஒரு மாதம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். பின்னாலேயே இன்னொரு சர்க்குலர் வந்தது: 'பாடப்பொருளைக் கண்கூடாகக் காட்டித் திருப்பிச் சொல்லிக்கொடுக்கவும்.'

மாட்டுக்கு எங்கே போவது? சதாசிவம் பள்ளிக்கூடச் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு பசுவை வரைந்தார். மறுநாளே கங்காணி வீரமுத்து வந்துவிட்டார்.

"தோட்டத்துக்குள்ள மாடு திரியக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு. தெரியுமா, தெரியாதா?"

"படந்தானே, கங்காணி!"

"படத்துக்கு விலக்குன்னு ஆர்டர்ல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. இருவரும் வெகுநேரம் ஆலோசித்து, கட்டிப்போட்ட மாடு திரிந்த மாடு ஆகாது என்ற முடிவுக்கு வந்தார்கள். வாத்தியார் பசுவின் கழுத்தில் ஒரு கயிறு வரைந்தார். கங்காணி முடிச்சைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னார்.

ஒரு மாதம் முழுக்கப் பேச்சியம்மாள் மகளை அந்தச் சுவருக்கு இழுத்துப் போனாள்.

"பால் தருவது?"

"பசு. ஏம்மா, அப்ப மரம்?"

"மரம்னு சொன்னே, பல்லத் தட்டிருவேன்!"

சொல்லிவிட்டு வெளியே நின்ற ரப்பர் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் சோறு போட்ட மரம்.

இரண்டாம் பரீட்சையில் செல்லம் "பசு!" என்று கத்தியதில் அதிகாரியின் தொப்பியே ஆடியது. அவர் நிதானமாகப் புதுப் புத்தகத்தைத் திறந்தார். அவருடைய சென்ற மாத அறிக்கையைப் படித்து மனமிரங்கிய மேலிடம், 'உள்ளூர் நிலைமைகளை அனுசரித்து' புத்தகத்தைத் திருத்தியிருந்தது.

"பால் தருவது மரம். தவறு" என்றார்.

பேச்சியம்மாள் அழவில்லை. அன்று அதிகாரிக்கு டீ கொடுக்கும் முறை அவளுடையது. ஒரு கையில் டீயும் மறு கையில் ரப்பர்ப் பால் நிறைந்த ஸ்டோர் வாளியுமாக அவர் முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, புத்தகத்துப் பாலையே ஊத்திரட்டுங்களா?"

சபாபதி வாளியைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். வேறு பால் கேட்டால் மேலிடத்துக்கு அவமரியாதை. இதையே ஊற்று என்றால் குடித்தாக வேண்டும்.

"எனக்குப் பால் வேண்டாம்."

"எந்தப் பாலுங்க?"

"எந்தப் பாலும்!"

கடுந்தேநீரைக் குடித்துவிட்டு எழுதினார்: 'இத்தோட்டத்தில் பால் என்று எதுவும் இல்லாதபடியால் மேற்படி கேள்வி ரத்து. செல்லம் தேர்ச்சி.' பேச்சியம்மாள் பூரித்துப்போய் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

அறிக்கையின் நகல் ஒன்று துரைக்குப் போயிற்று. ரப்பரை வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் தவித்த சமயம். துரை தேடிக்கொண்டிருந்த காரணம் முத்திரையோடு வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கங்காணி வாசித்தார்: 'இங்கே பால் இல்லை என்று அதிகாரியே சான்றளித்திருப்பதால் பால்வெட்டு நிறுத்தப்படுகிறது. பால் வெட்டுவோர், நிறுப்போர், அவர்களை மேய்ப்போர் அனைவரும் இன்று முதல் புல்வெட்டுக்கு.' மேய்ப்போர் என்றால் தானும்தான் என்பது அவருக்குப் படித்து முடித்த பிறகே உறைத்தது.

மத்தியானம் புல்வெட்டுக் கத்தியோடு பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனாள். உள்ளே தேர்ச்சி பெற்ற செல்லம் தனியாக, பசுவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, வாத்தியார் எங்க?"

"புல்லு வெட்டறாருடி. கங்காணியுந்தான். எல்லாருந்தான்."

"இம்புட்டுப் புல்லு எதுக்கும்மா?"

பேச்சியம்மாள் சுவரைப் பார்த்தாள்.

"மாட்டுக்கு" என்றாள்.