சிங்கிள் மிஸ்திரியின் பெயர்ச் சோதனை

குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன் நட்சத்திரம் பார்த்தவர்கள் உண்டு, எண்கணிதம் பார்த்தவர்கள் உண்டு. டீசல் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் போர்ட் பிளேரில், ஜங்லிகாட்டில் இருந்தார்.

சுனாமிக்கு அடுத்த ஏழெட்டு வருடங்கள் நான் அவருடைய பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். மீன்பிடிக்கும் டிங்கிப் படகுகளின் ஒற்றை சிலிண்டர் எஞ்சினை மட்டும்தான் தொடுவார். இரட்டை சிலிண்டர் வந்தால் "ஆகே ஜாவ்" என்று அடுத்த கடையைக் காட்டிவிடுவார். தீவில் மெக்கானிக் என்றால் மிஸ்திரி. எனவே சிங்கிள் மிஸ்திரி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம்.

குடிவந்த அன்று என் பெயரைக் கேட்டார். மீனாட்சிசுந்தரம் என்றேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஓய், நீரு தண்ணிக்குள்ள விழுந்தா, இவ்வளவையும் கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள மெட்ராஸ் கரை ஒதுங்கிருவீரே."

அன்றிலிருந்து நான் வெறும் "ஓய்".

ஆண் பிள்ளையின் பெயர் ஒரே அசையாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வாயைத் திறந்து மூடினால் பெயர் முடிந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ஏன் இந்தச் சட்டம் இல்லை என்று கேட்டேன்.

"அவளுவ ஒரு சத்தத்துல திரும்பிருவாளுவ வே. பயலுவளுக்குத்தான் காது கெடையாது."

சோதனைக்கு முறை வைத்திருந்தார். பெற்றோர் மீன் ஜெட்டியின், அதாவது படகுத்துறையின், முனையில் நிற்க வேண்டும். மிஸ்திரி டிங்கியை எடுத்துக்கொண்டு, படகுகள் நங்கூரம் போடும் இடம் வரை போவார். எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வார். கரையிலிருந்து பெயரைக் கத்த வேண்டும். கேட்டால் சிவப்புத் துணியைத் தூக்குவார். கேட்காவிட்டால் தூக்க மாட்டார். மேல்முறையீடு கிடையாது.

காரணத்தை ஒரே ஒரு முறை சொன்னார். சுனாமி அன்று மின்னி பே கடற்கரையில் இருந்திருக்கிறார். தண்ணீர் உள்வாங்கியதும் கூட்டாளி ஒருவன் சேற்றில் இறங்கிப் படகைப் பார்க்கப் போனான். "பாலசுப்பிரமணியம்னு பேரு. மூணு தடவ கூப்பிட்டேன். காத்து எதுக்கடிச்சுது. வெறும் மணியம்தான் போச்சோ, அதுவும் போவலையோ." ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். நான் நிருபர், கேட்பதுதான் தொழில். கேட்கவில்லை.

எண்ணெய்க் கறை படிந்த நோட்டில் பெயர்களைச் சேர்த்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பூர்வீகம் எழுதியிருந்தார். அகராதியை வைத்துச் சரிபார்த்தேன். பிழை பிடிக்கும் ஆசைதான். ஒன்றும் அகப்படவில்லை.

பெயர்கள் சரி, பிள்ளைகள்தான் கிடைக்கவில்லை. பொதிகை மலையை ஆண்டு யானைகளை வாரி வழங்கிய வள்ளலின் பெயர் ஆய். அதைப் பரிந்துரைத்தபோது தாய்க்காரி சொன்னாள்: "யானை குடுத்தவராவே இருக்கட்டும் அண்ணே. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?" திருமாலிலிருந்து மால் எடுத்தார். ஹிந்தி பேசுகிற தெருவில் மால் என்றால் சரக்கு, லாரி வரும்போதெல்லாம் பையன் திரும்பிப் பார்ப்பான் என்று தள்ளிவிட்டார்கள். வங்காளி டீக்கடைக்காரர் மட்டும் நீல நிறத்தைச் சொல்லும் நீல் என்ற பெயரை வைத்தார். ஒரே மாதத்தில் அவர் மனைவி கொஞ்சிக் கொஞ்சி அதை நீலு ஆக்கிவிட்டாள். மிஸ்திரி பதினைந்து நாள் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை.

இந்த நிலையில்தான் பிலோமினா வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பம், எதிர்ச் சந்து. கையில் இருபது நாள் ஆண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். மாமனார் ஏற்கெனவே முடிவு செய்திருந்த பெயர் மரிய அந்தோணி சவரிமுத்து.

"அண்ணே, சுனாமி அன்னைக்கு அலைக்குள்ள இந்தப் பிள்ளையோட அப்பாவைக் கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. அருளானந்தம்னு பேரு. கயிறு கையில சிக்குனதால வந்தாரு, நான் கூப்பிட்டதால இல்ல. எம்மவனுக்கு நான் கூப்பிட்டா கேக்கணும்."

மிஸ்திரி நோட்டைப் புரட்டினார். குறுநில மன்னரின் பட்டமான வேள் என்ற பெயரைச் சொன்னார். அது முருகன் பெயருமாச்சே என்றார் கூடவே வந்திருந்த மாமனார். அடுத்து சேய். "சேய்னா குழந்தை. உங்க கோயில்லயும் குழந்தைதானே வே மாதா மடியில இருக்கு?" பெரியவர் குழந்தையை ஒரு முறை பார்த்தார். ஆனால் இறங்கியும் வரவில்லை. மூன்று புனிதர்களை விட்டுக்கொடுப்பது சுலபமா?

சனிக்கிழமை காலை சோதனை. பெரியவர் முதலில் கத்தினார். மூன்று புனிதர்களையும் வரிசையாக அழைத்தார். துணி அசையவில்லை. இரண்டாவது முறையும் அசையவில்லை. மூன்றாவது முறை அந்தோணியிலேயே இருமல் வந்துவிட்டது. பிலோமினா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, "சேஏஏய்" என்று ஒரே இழுப்பு இழுத்தாள். துணி உடனே எழுந்தது.

"நான் கத்தும்போது எஞ்சினைக் கூட்டி வச்சுட்டாரு" என்றார் பெரியவர். "பேப்பர்காரர் படகுல உக்காரட்டும். அவரு சொன்னா ஒத்துக்கிறேன்."

பேப்பர்காரர் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பிய ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். குழந்தையைப் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு, கரைக்குத் திரும்பியிருந்த டிங்கியில் ஏறினேன். மிஸ்திரி துணியை என் கையில் கொடுத்தார். அதே இடத்துக்குப் போய் முழு வேகத்தில் வைத்த பிறகு எஞ்சினைத் தொடக்கூட இல்லை. கரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். வெகு நேரம் டபடபவைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர் அப்போது இரண்டு முறை முழுப் பெயரையும் சொல்லி முடித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. எனக்கு எதிரே மிஸ்திரியின் முகம் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தையே பார்த்தார்.

பிறகு, எஞ்சின் சத்தத்துக்கு மேலாக, மெலிதாக, ஆனால் உடையாமல், சேய் வந்தது.

துணியைத் தூக்கினேன். மிஸ்திரி குனிந்து, இறுக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு நட்டை இறுக்கினார்.

கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் மூன்று புனிதர்களும் ஏறினார்கள். எல்லோர் வாயிலும் சேய் மட்டும் நின்றது. ஞானஸ்நானம் முடிந்து வந்த பெரியவரே தொட்டிலைப் பார்த்து அப்படித்தான் கூப்பிட்டார்.

ஐந்து வருடம் கழித்து ஒரு மதியம். பட்டறை வாசலில் மிஸ்திரி எஞ்சினைக் கழற்றிக்கொண்டே என்னோடு பேசிக்கொண்டிருந்தார். ஜெட்டியில் கட்டியிருந்த படகொன்றில் ஏறி விளையாடிய சேய், கயிற்றை அவிழ்த்துவிட்டான் போலிருக்கிறது. படகு பத்து முழம் விலகிவிட்டது. அவன் தண்ணீருக்குள் குதிக்க விளிம்பில் கால் வைத்தான். ஜெட்டியில் எங்கோ நின்ற பிலோமினாவின் குரல் ஒரே முறை கேட்டது. பையன் அப்படியே நின்றான். திரும்பினான். உட்கார்ந்தான். யாரோ நீந்திப் போய்ப் படகை இழுத்து வந்தார்கள்.

மிஸ்திரி எஞ்சினிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. கை மட்டும் பக்கத்தில் துழாவி, சிவப்புத் துணியை எடுத்து, தலைக்கு மேலே தூக்கியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

மறு வருடம் நான் சென்னைக்கு வந்துவிட்டேன். இங்கே எல்லோரும் என் பெயரை முழுதாக, மரியாதையாகச் சொல்கிறார்கள். ஆனாலும் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் யாரோ யாரையோ "ஓய்" என்று கூப்பிட்டால், நான்தான் முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.