பத்தாவது மேசை

வலங்கைமான் வட்டார மாணவச் செல்வங்களின் நலன் கருதி, யாரையும் எளிதில் சேர்த்துக்கொள்ளாத பல்கலைக்கழகம் ஒன்று எங்கள் ஊர் வயல்களுக்கு நடுவே எழுந்தருளியது. ஒரு பல்கலைக்கழகத்தின் பெருமை அது எத்தனை பேரை வெளியே நிறுத்துகிறது என்பதில்தான் இருக்கிறது என்று திறப்பு விழாவில் விளக்கினார்கள். நாங்களும் கைதட்டினோம். திறந்த நாளிலிருந்து ஒருவரையும் சேர்க்காததால், அதற்கு மேல் உயர அதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

நான் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் அஸார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு இந்தப் பல்கலைக்கழகத்தால் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. அங்கே ஒன்பது மேசைகள். மேசைக்கு ஒரு பேராசிரியர். அவர் கேள்வி கேட்பார், கழிப்பார்; தப்பியவர் அடுத்த மேசைக்குப் போகலாம். ஐந்தாவது மேசையில் கழிக்கப்பட்ட பையனுக்கு மன்னார்குடியில் வலிய வந்து பெண் கொடுத்தார்கள். முதல் மேசையிலேயே கழிந்த பிள்ளையின் அப்பா மட்டும் பின்தெரு வழியாகப் போவார். 'ஏழாவது மேசையில் நிராகரிக்கப்பட்ட எங்கள் குலவிளக்கே' என்று நான் அடித்துக் கொடுத்த பேனர்களில் பஸ் ஸ்டாண்டே மறைந்துபோனது.

செல்லதுரை அண்ணனுக்கு நாற்று விடும்போதே நடவுக்கு ஆள் சொல்லிவைத்துவிடும் பழக்கம். மகள் செம்மொழி எட்டாவது மேசையைத் தாண்டியதுமே என் கடைக்கு வந்துவிட்டார். ஒன்பதில் எப்படியும் கழித்துவிடுவார்கள், பேனரை இன்றைக்கே கட்டிவிடு என்றார். 'ஒன்பதாவது மேசை கண்ட வீரமங்கை' என்று போட்டு, கீழே சொந்தக்காரர்கள் அத்தனை பேர் படத்தையும் வரிசையாக வைத்துக் கட்டினேன். எனக்கே கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் அண்ணன் முகம் செத்துப்போய் வந்தார்.

"மோசம் போயிட்டேன் பாய். சேத்துக்கிட்டாங்களாம்."

ஊர் வாயை மூட முடியுமா? செல்லதுரை பொண்ணையே சேத்துக்கிட்டாங்கன்னா அது என்ன பெரிய காலேஜ் என்று டீக்கடையில் பேச்சு. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பேனரிலிருந்து தங்கள் படத்தை வெட்டி எடுக்கச் சொன்னார்கள். மாலைக்குள் அதில் செம்மொழியும் ஓட்டைகளும்தான் மிச்சம்.

அண்ணன், செம்மொழி, நான் என மூவருமாகப் பதிவாளர் அனுராதா அம்மையாரைப் போய்ப் பார்த்தோம். அவர் எங்களைவிட இடிந்துபோயிருந்தார். செம்மொழியின் பதில்கள் நன்றாக இருந்ததால் கழிக்க மனம் வராமல், அடுத்த மேசைக்காரர் கழித்துக்கொள்வார் என்று ஒவ்வொரு பேராசிரியரும் தள்ளிவிட்டாராம். ஒன்பதுக்குப் பிறகு தள்ள மேசை இல்லாததால் பெண் உள்ளே விழுந்துவிட்டாள். இப்போதாவது கழித்துவிடுங்கள் என்று அண்ணன் கும்பிட்டார். உள்ளே வந்தவரை வெளியேற்ற விதி இல்லை, இதுவரை யாரும் வந்ததில்லையே என்று அம்மையார் கையை விரித்தார்.

செம்மொழி அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை.

"எங்க வயல் மண்ணுல களர் உப்பு ஏன் ஏறுதுன்னு படிக்கணும் மேடம். கிளாஸ் எப்ப?"

பேராசிரியர்களுக்கு வியர்த்துவிட்டது. கழிப்பதற்கல்லவா அவர்களை வேலைக்கு எடுத்தது. அவசரமாகக் கூடினார்கள். ஒரு மாணவரை வெளியே அனுப்ப நிராகரிப்பை விட்டால் ஒரே வழி பட்டம்தான் என்று ஒருவர் கண்டுபிடித்தார். உடனே 'இளங்கலைக் கல்வியில் புதிய அணுகுமுறை' பிரகடனம் செய்யப்பட்டது. அதாவது, பட்டம் முதலில், படிப்பு பிறகு, அவகாசம் இருந்தால். அந்த வாரமே பட்டமளிப்பு விழா. பேனர் என்னுடையது.

காலி நாற்காலிகளுக்கு முன்னால் கருப்பு அங்கியில் நின்ற செம்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "களரைப் பத்தி ஒண்ணுமே சொல்லித்தரலையே மேடம்."

"அதெல்லாம் பட்டம் வாங்காதவங்களுக்கும்மா" என்றார் அனுராதா அம்மையார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரே பட்டதாரி என்பதால் அவளையே பேராசிரியர் ஆக்கினார்கள். மேற்படி விபத்து மீண்டும் நேராதிருக்க அவளுக்கென்று பத்தாவது மேசை போடப்பட்டது. எந்த மேசையிலாவது களரைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் இருக்கமாட்டாரா என்றுதான் அவளும் வேலையை ஒப்புக்கொண்டாள். சொந்தக்காரர்கள் ஓடிவந்து, வெட்டிய படங்களைத் திரும்ப ஒட்டச் சொன்னார்கள், கொஞ்சம் பெரிதாக.

இந்த வருடம் என் மகள் தஹ்மீனா பத்தாவது மேசை வரை போனாள். எதற்காக வந்தாய் என்று செம்மொழி கேட்டிருக்கிறாள். படிக்கணும் அக்கா என்றிருக்கிறாள் இவள்.

"அப்ப உள்ள வராதம்மா" என்று சொல்லிக் கழித்துவிட்டாள் செம்மொழி.

பத்தாவது மேசை. வட்டாரத்திலேயே முதல் ஆள். நான் கடையில் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தபோது தஹ்மீனா வந்து நின்றாள்.

"அத்தா, இனிமே நான் எங்க போய்ப் படிக்கிறது?"

"அது கெடக்கும்மா" என்றேன். "பேனருக்கு எந்த போட்டோ வைக்கலாம், சொல்லு."