வெறுங்கை நடவாச் சட்டமும் மொட்டைமாடிப் பெரும்போரும்

வாழ்க அவர் தோள்கள்! வாழ்க அத்தோள்கள் ஒருசேரச் சுமந்த பதினோரு சட்டைகளும், நான்கு படுக்கை விரிப்புகளும், இரு தலையணைகளும், கைப்பிடி உடைந்த நீலநிற வாளியும்! சரக்குக் கிடங்கின் மேற்பார்வையாளர், அட்டைப்பெட்டி மலைகளின் அதிபதி, ஒற்றை விசிலால் ஐந்து பாரவண்டிகளை ஆட்டிவைக்கும் ஆற்றலாளர், இரண்டாம் மாடி இடப்பக்க வீட்டின் தலைவர் என்று தம்மைத் தாமே நம்பிக்கொண்டிருப்பவர் ஆகிய அப்பெருமகனார், ஒரு ஞாயிறு பிற்பகலில் துணியெடுக்கப் போன வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறோம். செவியுடையோர் கேட்பீராக. அடுப்பில் பால் வைத்திருப்போர் அணைத்துவிட்டு வருவீராக.

அவருடைய கிடங்கில் ஒரு விதி உண்டு. சரக்கோடு போகும் வண்டி சரக்கோடுதான் திரும்பவேண்டும். காலியாக ஓடும் வண்டி அங்கே மாபாதகம். அவ்விதியை அவர் முந்தின ஞாயிறன்று வீட்டுக்கும் கொண்டுவந்து, உணவு மேசையின் தலைப்பில் நின்று, கரண்டியைச் செங்கோலாய் உயர்த்தி முழங்கினார்: “இன்று முதல் இவ்வில்லத்தில் எவரும் வெறுங்கையோடு நடத்தலாகாது! கூடத்திலிருந்து சமையலறை புகுவோர் காலித் தம்ளரோடு புகுக! சமையலறையிலிருந்து மீள்வோர் துடைத்த தட்டோடு மீள்க! ஒரு நடையில் முடிவதற்கு இருநடை நடப்போர் நேரத்தைக் களவாடும் கள்வராவர்!”

“அப்ப அந்தத் தம்ளரை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க” என்றார், மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் அவருடைய மனைவி.

சட்டத்தை முழுமனத்தோடு ஏற்றது மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் மட்டுமே. அவ்வாரம் முழுவதும் அச்சிறுமி எந்த அறைக்கும் எதையாவது தூக்காமல் போகவில்லை. புதன்கிழமை மாவுச் சல்லடை குளியலறையில் கிடைத்தது.

இனிப் போர். மணி மூன்று. நான்கு மணிக்கு மனைவிக்கு வேலை, மூன்றரைக்குப் பேருந்து. அவருடைய இரு வெள்ளைச் சீருடைகளில் ஒன்று பொத்தான் தைக்கக் கடைக்குப் போயிருந்தது. மற்றொன்று காலையில் மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டது. சீருடையின்றி வந்த ஒருத்தியை எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைத்துத் திருப்பியனுப்பிய தலைமைச் செவிலியர் அந்த மருத்துவமனையில் இருந்தார். அந்த நேரம் பார்த்து வானம் இருண்டது.

“யூனிஃபார்மை மட்டும் மொதல்ல எடுத்துட்டு வந்து குடுங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்.”

அப்புறமா! இரண்டாம் நடையா! மீசை துடித்தது, மூக்குக்கண்ணாடி நழுவியது. வாசற்படியில் நின்று வலக்கை உயர்த்தி அவர் சூளுரைத்தார்: “ஒரே நடை! கொடியிலுள்ள அனைத்தையும் ஒரே நடையில் கொணர்வேன்! இருநடை நடந்தேனாயின், இனி ஞாயிறுதோறும் துவைப்பதும் உலர்த்துவதும் மடிப்பதும் என் தலைமேல் ஆகுக!”

“ரெண்டு தடவை போனா காலு தேஞ்சா போயிடும்?” என்ற குரல் அவர் செவியை எட்டவில்லை. வெறுங்கையோடு ஏறலாகாதே என்று காலி வாளியைப் பற்றிக்கொண்டு அவர் மூன்றாம் மாடியைக் கடந்திருந்தார்.

மேலே காற்றரக்கன் காத்திருந்தான். விரிப்புகள் அவரை முகத்திலறைந்தன. கால்சட்டைகள் ஆளில்லாமலே உதைத்தன. வீரர் பின்வாங்கவில்லை. துணிக்கவ்விகளைப் பிடுங்கிப் பல்லிடையே கடித்து, சட்டைகளை இடத்தோளிலும் விரிப்புகளை வலத்தோளிலும் ஏற்றி, தலையணைகளை அக்குளில் இடுக்கி, வாளியை முழங்கையில் மாட்டி, வெள்ளையாய்த் தட்டுப்பட்டதையெல்லாம் வாரியணைத்தார். அதில் சீருடையும் இருக்கும் என்று நம்பினார். பார்க்க வழியில்லை, மூக்குக்கு மேல் எல்லாம் துணி.

கண்ணிழந்த நிலையில் எண்ணிக்கையே துணை. தம் வீட்டுக்கு நான்கு படிவரிசை. முதல் வரிசை வென்றார், இரண்டாவதும் வென்றார். மூன்றாவதில் ஒரு காலுறை வீழ்ந்தது. குனிந்தால் மூட்டை சரியும். பிறகு வந்து எடுத்தால் அது இரண்டாம் நடை. அறமா, உறையா என்று அங்கேயே நின்று நெடுநேரம் தவித்து, ஈற்றில் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே அதைக் கவ்வியெடுத்து, நொண்டியபடியே இறங்கினார். யாருமே செய்யாத காரியம். ஆனால் அந்தப் பெருமிதத்தில் எண்ணிக்கை தவறிப்போனது.

இறங்கினார், இன்னும் இறங்கினார், இடப்பக்கம் திறந்திருந்த கதவைத் தோளால் தள்ளினார், சோபாவின்மேல் அனைத்தையும் கொட்டினார், கவ்விகளைத் துப்பினார், “வென்றேன்!” என்று கர்ஜித்தார்.

சோபாவிலிருந்த விரிப்புக் குவியல் அசைந்தது. “உங்க வீடு மேல இருக்கு, தம்பி” என்றது அதனடியிலிருந்து ஒரு குரல். முதல் மாடியில் குடியிருக்கும், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அவர்.

அவ்வேளையில் மழை கொட்டியது. மேற்பார்வையாளர் பதறிப்போய்க் குவியலைக் கிளறினார். தலையணை உறை வந்தது, பனியன் வந்தது, மகளின் பள்ளிச்சட்டை வந்தது, சீருடை வரவில்லை. இந்த இடத்தில் நமக்கும் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் வேலை முடிந்து வந்த களைப்போடு மனைவி தம் கையால் கசக்கித் துவைத்த உடுப்பு அது. அவர் எல்லோர் முன்னிலையிலும் தலைகுனிந்து நிற்பது இவர் கண்ணில் தெரிந்தது. மனிதருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

படியில் காலடி கேட்டது. நிமிர்ந்தார். வெள்ளைவெளேரென்ற சீருடையில், ஒரு துளி ஈரமின்றி, குடையோடு மனைவி நின்றார்.

“பாப்பா மதியமே மொட்டைமாடியில விளையாடிட்டு எறங்கறப்ப எடுத்துட்டு வந்துட்டாளாம். வெறுங்கையோட வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அழகா பீரோல மாட்டி வெச்சிருக்கா. நான் இப்பத்தான் பாத்தேன்.” மறுகையிலிருந்த குப்பைப்பையை உயர்த்திக் காட்டினார். “இதையும் போற வழியில போட்டுடறேன். சட்டம் சட்டந்தானே?” சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார். பேருந்தும் கிடைத்தது.

சட்டம் வென்றது, சட்டம் இயற்றியவர் தோற்றார். ஆயினும் சூளுரை சூளுரையே என்று மூச்சிழுத்து, மார்பு நிமிர்த்தி, சட்டைகளை இடத்தோளிலும் விரிப்புகளை வலத்தோளிலும் மீண்டும் ஏற்றி, தலையணைகளை இடுக்கி, வாளியை மாட்டி, பாரவண்டிகள் நாணப் பெருமூச்சு விட்டு, மேலேறும் பதினெட்டுப் படிகளையும் தோள்மேல் மூட்டையையும் மாறி மாறி நோக்கி, மாவீரர் வாசலில் நின்றார்.

பிறகு பாதியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு தடவையாக எடுத்துக்கொண்டு போனார்.