தலைவர் சாப்பிட்ட பாத்திரம்

பாத்திர வியாபாரிகள் சங்கத் தலைவர் அன்று காலை ஒரு சபதம் போட்டார். வாயில் பிரஷ் இருந்ததால் முதல் தடவை அது யாருக்கும் விளங்கவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் போட்டார். இந்த உடம்பில் உயிர் இருக்கிற மட்டும், எந்த ஆபீஸ் எந்தச் சட்டம் போட்டாலும் சரி, தன் கடையிலிருந்து ஒரு வார்ப்புக் குண்டானைக்கூட அகற்றப் போவதில்லை.

மனைவி அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள். அவளுடைய "சரிங்க"வை நம்பி மோசம் போனவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ஆனால் பல தடவை போயிருக்கிறார்.

விஷயம் இதுதான். சமையல் பாத்திரத்தில் காரீயம் ஒரு அளவுக்கு மேல் இருந்தால் விற்கக் கூடாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. முந்தின நாள்தான் சோதனை அதிகாரியம்மா கடைக்கே வந்துவிட்டார். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்து, அடுக்கி வைத்திருந்த அலுமினியக் குண்டான் ஒன்றின் வயிற்றில் வைத்து அழுத்தினார். சத்தம் வரவில்லை, நம்பர்தான் வந்தது. தலைவருக்கு என்னவோ தன் வயிற்றிலேயே சுட்ட மாதிரி இருந்தது.

வார்ப்புப் பட்டறையில் பழைய ரேடியேட்டர், பைப்பு, பேட்டரித் துண்டு என்று அகப்பட்டதையெல்லாம் போட்டு உருக்குகிறார்கள், காரீயம் அப்படித்தான் கலக்கிறது என்றார் அந்தம்மா. அதற்கு ருசியும் கிடையாது, வாசனையும் கிடையாது, குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் கெடுக்கும் என்றும் சொன்னார். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு வந்து சொல்லலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்சேபமா? தலைவரிடம் அது எப்போதுமே கொள்ளை கொள்ளையாக இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. தெருமுனைக் குழந்தைகள் காப்பகத்துச் சமையலறைக்கு நாற்பது குண்டான் தருவதாகத் தலைவர் ஒப்புக்கொண்டிருந்தார். வருகிற திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். அந்தக் காப்பகத்தில் டீச்சர் யார் என்றால், வேறு யார், அவர் மனைவிதான். அறுபது குழந்தைகளுக்கும் மூக்குத் துடைத்து, சோறு ஊட்டி, தூங்கப் பண்ணுகிறவள். நாற்பதையும் எவர்சில்வராக மாற்றிக் கொடுங்கள் என்று ஒரு வாரமாகக் கேட்டுப் பார்த்தாள். ஆபீஸ்காரர்களுக்குப் பயந்து வியாபாரம் பண்ணினால் நாளைக்குக் கரண்டிக்கும் லைசென்ஸ் கேட்பான் என்று தலைவர் மேடைக்குரலில் சொல்லிவிட்டார். மேடைக்குரல் வந்துவிட்டால் மைக் இல்லாமலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"ஈயத்தைப் பார்த்து இளிச்சதாம் பித்தளை. முதல்ல அவங்க ஆபீஸ் தண்ணிக் குழாயைச் சோதிக்கச் சொல்லு" என்றார். "பதினெட்டு வருஷமா நம்ம வீட்டுல எதுல சமையல்? நம்ம கடைக் குண்டான்லதானே? நான் என்ன செத்தா போயிட்டேன்? எனக்கு மூளை கெட்டா போச்சு?"

கடைசிக் கேள்வி காதில் விழுந்ததும் மனைவி சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

அந்தக் குண்டானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாண நாள் பரிசு என்று தன் கடையிலிருந்தே எடுத்து வந்து கொடுத்தது. தலைவர் சாப்பிட உட்காரும் நாற்காலியிலிருந்து பார்த்தால் சமையலறை மேல்தட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். இன்றைக்குப் பட்டறையிலிருந்து வந்தது மாதிரி பளபளக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் கையை நீட்டிக் காட்டுவார். தினமும் அடுப்பில் ஏறுகிற பாத்திரம், ஒரு கீறல் உண்டா பாருங்கள் என்பார். சமையலறைக்குள் போய்க் காட்டியதில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் நாற்காலியிலிருந்தே குரல் கொடுக்கிற ஜாதி அவர். ஊருக்கெல்லாம் பாத்திரம் விற்ற மனிதருக்குத் தன் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

"அப்படின்னா ரத்தத்தைச் சோதிச்சுக் காட்டிடுங்களேன். காரீயம் இருந்தா அதுல தெரியுமாமே" என்றாள் மனைவி, சட்டைக் காலரை மடித்தபடி.

 அடுத்த நிமிஷமே அது தலைவரின் சொந்த யோசனை ஆகிவிட்டது. மத்தியானத்துக்குள் சங்கத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு, தான் ரத்தம் சிந்தப் போவதாக அறிவித்துவிட்டார். ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டது வேறு விஷயம். வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. காரீயம் இருந்த இடம் தெரியவில்லை, சுத்தமான ரத்தம். தலைவர் அந்தக் காகிதத்தை லேமினேஷன் செய்தார்.

ஆட்சேப மனு எழுதும் வேலையை மனைவிதான் செய்தாள். டீச்சர் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். கடைசியில் ஒரு உறுதிமொழி சேர்த்தால் கம்பீரமாக இருக்குமே என்று அவளே சொல்லி, எழுதி, வாசித்தும் காட்டினாள். "என் ரத்தம் சுத்தமாக இருக்கக் காரணம் நான் சாப்பிட்ட பாத்திரமே. நான் எந்தப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட்டேனோ, அந்த வகைப் பாத்திரத்தைத் தவிர வேறெதையும் இனி என் கடையில் விற்கவும் மாட்டேன், எந்தக் காப்பகத்துக்கும் கொடுக்கவும் மாட்டேன்." தலைவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒருத்தி சங்கத்தில் செயலாளராக இல்லையே என்று வருத்தப்பட்டார். போட்ட கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் ஹாலில் வியாபாரிகள் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். குண்டானை மனைவியே துணியில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்து அனுப்பியிருந்தாள். காப்பகத்துக்கு அரை நாள் லீவு போட்டு அவளும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை இருந்தது. வழியில் வாங்கிய ஏதாவது சாமானாக இருக்கும் என்று தலைவர் நினைத்துக்கொண்டார்.

தலைவர் எழுந்தார். மேடைக்குரலை அவிழ்த்து விட்டார். குண்டானை மேஜை மேல் வைத்து, முதலில் இதைச் சோதியுங்கள் என்று சவால் விட்டார். அதிகாரியம்மா துப்பாக்கிக் கருவியை வைத்து அழுத்தினார். அனுமதித்த அளவைப் போல ஏழு மடங்கு என்றார்.

வேறொருவராக இருந்தால் அங்கேயே சுருண்டிருப்பார். தலைவர் துள்ளினார். ஏழு மடங்கா, சபாஷ், எழுபது மடங்காக இருந்தாலும் தனக்குச் சம்மதம் என்றார். பதினெட்டு வருஷம் இதில் சமைத்ததைச் சாப்பிட்டவனின் ரத்தம் இதோ என்று லேமினேஷனைத் தூக்கிப் பிடித்தார். ஹால் முழுக்கக் கைதட்டல். சட்டத்துக்கு அன்றோடு சங்குதான் என்று எல்லாருக்கும் தோன்றியது. உண்மையைச் சொன்னால் அதிகாரியம்மாவுக்கே கொஞ்சம் தோன்றிவிட்டது. ரிசல்ட்டை இரண்டு தடவை படித்தார். மனுவைப் படித்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, குண்டானைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

அடியை விரலால் தடவியும் பார்த்தார்.

"தினமும் அடுப்புல ஏறின பாத்திரம்னு சொன்னீங்க இல்ல சார்?"

"பதினெட்டு வருஷமா."

"அப்ப இது எப்படி எரியாம இருக்கு?"

குண்டானின் அடியில் தலைவரின் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. காகித ஸ்டிக்கர். ஓரம் மட்டும் லேசாக மஞ்சள் பாய்ந்திருந்தது, கடைப் பெயர் அழகாகத் தெரிந்தது.   தலைவர் மெதுவாகத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

மனைவி எழுந்து முன்னால் வந்தாள். துணிப்பையிலிருந்து ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்துக் குண்டானுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது. அடி கன்னங்கரேலென்று இருந்தது.

"இவர் சாப்பிட்டது இதுலதாங்க" என்று அதிகாரியம்மாவிடம் சொன்னாள். "குண்டானைக் கொடுத்த அன்னைக்கு உள்ளே துணியால துடைச்சேன். கருப்பா வந்தது. துடைக்கத் துடைக்கக் கருப்பு. இவர்கிட்ட கேட்டேன், எல்லாம் பழகினா சரியாப் போயிடும்னார். எனக்கு மனசு ஒப்பலை. நான் பழகலை, இவரையும் பழக விடலை. என் பிள்ளைங்க அறுபது பேரும் பழக வேணாம்."

அதிகாரியம்மா கருவியை எவர்சில்வர் மேல் வைத்தார். அதில் காரீயம் இல்லை. பிறகு மனுவின் கடைசிப் பத்தியைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கையெழுத்தையும் அதன் கீழே இழுத்திருந்த இரண்டு கோட்டையும் தலைவருக்குக் காட்டினார். சற்று முன் கைதட்டிய நாற்பது பேரும் தத்தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மட்டும் இருமுவது போல் சிரித்தார்.

தலைவர் லேசில் விடுகிற ஆளா? மிச்சமிருந்த வீராப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு மனைவி பக்கம் குனிந்தார்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம் இல்ல. பதினெட்டு வருஷமா எதுக்கும்மா அதைப் பத்திரமா வெச்சிருந்தே?"

மனைவி குண்டானைத் தூக்கி, ஸ்டிக்கர் மேலே தெரியும்படி கவிழ்த்து, அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க கடையிலதாங்க போர்டு மாட்டியிருக்கீங்க, ஸ்டிக்கர் கிழியாம இருந்தாத்தான் திரும்ப எடுத்துப்போம்னு."